மருந்து போட்ட கோடுகள்

பிரேமலாவின் முதுகில் கோடுகள் விழுந்திருப்பதை அவளுக்கு முன்னால் பார்த்தவர் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் ரோஹானிதான். கூலாய் ஊரில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். பின்கட்டில் துணி காயப்போட்டால் இந்த வீட்டுச் சமாசாரம் அந்த வீட்டுக்குத் தெரியாமல் போகாது. அன்று காலை பிரேமலா கையில்லாத பனியனைப் போட்டுக்கொண்டு ஈரத் துணியை உதறிக் கம்பியில் விரித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற காக் ரோஹானி வாளியைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தார். குரலைத் தாழ்த்தி மலாய் மொழியில் கேட்டார்.

“பிரேமா, மறைக்காம சொல்லு. உன் புருஷன் கனகா உன்னை அடிக்கிறானா?”

பிரேமலாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கரப்பான்பூச்சியைக் கண்டால்கூட அவளைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்கிற ஆள் கனகராஜ். ஆனால் காக் ரோஹானி சிரிக்கவில்லை.

“பயப்படாதே லா. போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் கூட வரேன்.”

பிரேமலா உள்ளே ஓடிப்போய்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை சிவப்புச் சிவப்பாகக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. முழங்கைக்கு மேலேயும் இரண்டு மூன்று. யாரோ கட்டிவைத்துச் சாட்டையால் விளாசியது போல இருந்தது. சில நாளாக முதுகு அரித்துக்கொண்டே இருந்தது உண்மை. வேர்க்குரு என்று நினைத்துச் சீப்பின் பின்பக்கத்தால் சொறிந்துகொண்டிருந்தாள்.

வாகனமோட்டும் பள்ளியில் பயிற்றுநராக இருப்பவள் அவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடி, பயந்தவர்களையும் அசட்டுத் தைரியக்காரர்களையும் ஒரே அதட்டலில் வழிக்குக் கொண்டுவருவாள். அந்தத் தொண்டைக்குக் கீழேதான் கழுத்தோரத்தில் கட்டி வந்தது. சதையை எடுத்துச் சோதித்ததில் நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜொகூர் பாரு அரசாங்க மருத்துவமனையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே அவளைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் அழகம்மை. செட்டியார் வீட்டுப் பெண். நடையும் வேகம், பேச்சும் வேகம். முதுகைப் பார்த்ததும் அவர் பதறவில்லை.

“சாட்டையடி மாதிரி இருக்கும்னு எங்க பாடத்துலயே இருக்கு பிரேமலா. உங்களுக்கு ஏத்தற நாலு மருந்துல ஒண்ணோட வேலை இது. பிளியோமைசின்.”

“அதை ஆன்டிபயாட்டிக்னு நர்ஸ் சொன்னாங்களே டாக்டர். காய்ச்சலுக்குக் குடுக்கறதுதானே?”

“மண்ணுல இருக்கற ஒரு நுண்ணுயிர்கிட்டேருந்து எடுத்தது. அதனால அந்தப் பேரு. ஆனா காய்ச்சலுக்குக் குடுக்கற ஜாதி இல்ல.” டாக்டர் அழகம்மை தன் ஸ்டெதாஸ்கோப்பின் இரண்டு குழாய்களையும் சேர்த்து முறுக்கிக் காட்டினார். “ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டிஎன்ஏ இப்படித்தான், முறுக்கின ரெண்டு இழை. அது இல்லாம செல் பெருக முடியாது. இந்த மருந்து வெறுங்கையோட உடம்புக்குள்ள போகுது. போன எடத்துல இரும்பைப் பிடிச்சுக்குது. ரத்தத்துக்கு நல்லதுன்னு கீரை சாப்பிடறோமே, அதே இரும்பு. பிடிச்சுக்கிட்டு டிஎன்ஏ மேல போய் உக்காந்துக்கும். நீங்க இழுக்கற மூச்சுல ஆக்சிஜன் வருதில்ல? அது அந்த இரும்போட வந்து சேரும். சேர்ந்த வேகத்துல இழை அறுந்துடும்.”

“அறுந்தா செல் செத்துடுமா?”

“ஒரு இழை அறுந்தா ஒட்டுப் போட்டுக்கும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல அறுந்தா ஒட்டறது பெரும்பாடு. பெருகணும் பெருகணும்னு அவசரப்படற புற்றுநோய்ச் செல் அங்கதான் மாட்டிக்கும். மாட்டிக்கிட்டுச் சாகும்.”

பிரேமலா முழங்கைக்கு மேலே இருந்த கோட்டைப் பார்த்தாள். அதுவரை அந்த மருந்தை யாரோ வெளியாள் தன் உடம்புக்குள் வந்து அட்டகாசம் பண்ணுவதாகத்தான் நினைத்திருந்தாள்.

“அப்ப என் இரும்பையும் என் மூச்சையும் வெச்சுத்தான் அது அடிக்குது.”

“அப்படியும் சொல்லலாம்,” என்றார் டாக்டர். “ஆனா அதுக்கு நல்ல செல், கெட்ட செல்னு ஆளைப் பார்த்து அடிக்கத் தெரியாது. உடம்புல பல எடத்துல இந்த மருந்தை உடைச்சுப் போடற நொதி ஒண்ணு இருக்கு. தோல்லயும் நுரையீரல்லயும் அது ரொம்பக் கம்மி. அதான் தோல்ல இந்தக் கோடு. இதுக்குக் களிம்பு தரேன், சொறியாதீங்க, சொறிஞ்ச எடத்துலதான் கோடு விழும். எனக்குக் கவலை நுரையீரல்தான். அதை நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கறேன். வறட்டு இருமல் வந்தாலோ, நடந்தா மூச்சு வாங்கினாலோ ஒரு நாள்கூடத் தள்ளாம சொல்லணும்.”

வீட்டுக்கு வந்து காக் ரோஹானியிடம் எல்லாவற்றையும் மலாயில் விளக்கினாள். அவர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டு, கனகராஜுக்கு ஒரு தட்டு பலகாரமும் கொடுத்தனுப்பினார். ஆனால் மருந்துக்கடை வாசலிலும் மாவு மில்லிலும் அவள் கையைப் பார்த்தவர்கள் எல்லாரும் விளக்கம் கேட்கவில்லை. பேச்சு பக்கத்து ஊரான செனாய் வரைக்கும் போனது. அங்கே கனகராஜ் வேலை செய்த தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டானாம்: “என்ன பாஸ், வீட்டுல சாட்டை கீட்டை வெச்சிருக்கியா?”

கனகராஜ் முகம் செத்து வீடு வந்தான். சோற்றைப் பிசைந்தவன் வாயில் வைக்கவில்லை. “என்னைப் பார்த்தா அடிக்கிறவன் மாதிரியா இருக்கு?” என்று அவளையே கேட்டான். பிரேமலாவுக்குப் பாவமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அண்ணன் சதாசிவம் செடெனாக்கிலிருந்து வந்தார். அங்கே செம்பனை எண்ணெய்த் தோட்டத்து ஓரம் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு அவர்தான் தலைவர். அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் என்பதால் அவர் வாயைத் திறந்தால் கனகராஜ் வாயை மூடிக்கொள்வான். வந்தவர் காப்பியைத் தொடாமல் பேச ஆரம்பித்தார்.

“என் தம்பி பொண்டாட்டிய அடிக்கிறான்னு ஊரே பேசுது. அவன் அடிக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். அடிச்சது யாருன்னும் தெரியும்.”

“யாரு மாமா?” என்றாள் பிரேமலா.

“சாட்டை யாரு கையில இருக்கு? முனியாண்டி கையில. போன வருஷம் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு என்ன பேசின நீ?”

பேசியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோயிலைக் கூட்டுவது பெண்கள், பூக் கட்டுவது பெண்கள், அன்னதானத்துக்கு அண்டா அண்டாவாகச் சமைப்பது பெண்கள், கமிட்டியில் மட்டும் ஏன் ஒருத்திகூட இல்லை என்று கேட்டிருந்தாள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அதோடு கூட்டம் கலைந்துவிட்டது.

“அதுக்கா சாமி அடிச்சாரு?”

“வாய்க்கு வாய் பேசாதே. திருவிழா வருது. எல்லார் முன்னாடியும் விழுந்து மன்னிப்புக் கேளு. ஒரு மண்டலம் விரதம் இரு. அதுவரைக்கும் அந்த விஷத்தை ஏத்திக்காதே. உடம்பு தானா சரியாகும்.”

“விஷத்தை நிறுத்தினா நோய் வளரும் மாமா.”

“சாமிய விட உன் டாக்டர் பெருசா?”

அவர் போனபின் கனகராஜ் வாசல் கதவைப் பூட்டிவிட்டு அங்கேயே நின்றான்.

“ஒரு தடவ மட்டும் தள்ளிப் போடலாம்லா பிரேமா. அண்ணன் மனசும் கோணாது. ஊரும் அடங்கும்.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவனுக்குச் சாமி பயம் இல்லை. புருஷன் அடித்தான் என்பதைவிடச் சாமி அடித்தது என்பது அவனுக்கு வசதியாக இருந்தது. அதில் அவன் பேர் கெடாது.

“நீங்க நல்லவர்னு ஊருக்குக் காட்டறதுக்கு நான் பாவம் பண்ணினவளா ஆகணுமா?” என்று கேட்டாள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஊர் கணக்குல அடி வாங்கினவள்னா தப்பு செஞ்சவள்னு அர்த்தம். நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லுங்க. கேள்வி கேட்டேன். அவ்வளவுதான். இதுல நான் வாங்கின அடி எதுவும் இல்ல. நானே கையை நீட்டி ஏத்திக்கிட்ட மருந்து இது.”

“அண்ணனை மீறி நான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக முடியாது.”

“வேணாம். ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறவ நான். எனக்கு வழி தெரியும்.”

அடுத்த மருந்து நாளில் அவள் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேலி ஓரம் காத்திருந்த காக் ரோஹானி கேட்காமலே முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். “போறப்ப நீ ஓட்டு. வரப்ப நான்,” என்றார். பிரேமலா சொல்லிக் கொடுத்து, பலமுறை தோற்று, போன மாதம்தான் அவருக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் அவர் போனதே இல்லை.

மருந்து ஏறி முடிந்தபோது பிரேமலாவுக்குத் தலை கனத்து, வாயெல்லாம் இரும்புக் கசப்பு. பக்கத்து இருக்கையில் சரிந்து உட்கார்ந்தாள். காக் ரோஹானி கண்ணாடியில் புது ஓட்டுநர்களுக்கான சிவப்பு ‘P’ ஸ்டிக்கரை ஒட்டி, ஒரு பிரார்த்தனையை முணுமுணுத்துவிட்டு வண்டியை எடுத்தார். இடது ஓரத்தில் மாட்டு வண்டி வேகம். பின்னால் வந்த கொள்கலன் லோரி ஹாரன் அடித்துக் காதைப் பிளந்தது.

“அடிக்கட்டும். நீங்க உங்க லேன்ல போங்க,” என்று கண்ணை மூடியபடியே அதட்டினாள் பிரேமலா. “மூணாவது கியர் போதாது காக், நாலுக்குப் போங்க.”

“நீ தூங்கு லா! நோயாளி மாதிரி இரு!”

“நீங்க நாலுக்குப் போனாத்தான் தூங்குவேன்.”

கூலாய் வரும்வரை இல்லாத பிரேக்கை அவள் கால் மிதித்துக்கொண்டே வந்தது. வாசலில் இறங்கியதும் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கனகராஜ் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

திருவிழா அன்று காலை அவளே புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தலையில் முடி அநேகமாகக் கொட்டிப்போயிருந்தது. அவள் முக்காடு போடவில்லை. முதுகு தாழ்ந்த ரவிக்கை.

“நான் வரேன்,” என்றாள் கனகராஜிடம். “மன்னிப்புக் கேக்க இல்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டு வண்டிய எடுங்க.”

அவன் அவள் தலையைப் பார்த்தான், ரவிக்கையைப் பார்த்தான். சாவியை எடுத்தான்.

செடெனாக் கோயிலில் கூடாரம் நிறைந்திருந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே உறுமி மேளம் முழங்கியது. சாமியாடும் மணியம் காலில் சலங்கையும் தோளில் சாட்டையுமாக நின்றுகொண்டிருந்தார். மற்ற நாளில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பிரேமலா உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. சதாசிவம் மைக்கைக் கையில் எடுத்தார்.

“தெய்வ குத்தம் செஞ்சவங்களுக்கு என்ன நடக்கும்னு கேட்டீங்களே, இதோ என் தம்பி சம்சாரமே வந்திருக்கு. அது வாயாலயே சொல்லட்டும்.”

பிரேமலா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். வணக்கம் சொன்னாள்.

“என் முதுகைப் பத்தித்தானே பேச்சு. பாருங்க.”

திரும்பி நின்றாள். சிவப்பு தணிந்து, கோடுகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ “அலமாக்!” என்று பதறினார்கள். எல்லாரும் பார்க்கும்வரை அவள் நின்றாள். பிறகு திரும்பினாள்.

“எனக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தறாங்க. அந்த மருந்து என் உடம்புல இருக்கற இரும்பைப் பிடிச்சுக்கிட்டு, நான் இழுக்கற மூச்சையும் சேர்த்துக்கிட்டு, நோயோட உயிர் இழையை அறுக்குது. அறுக்கறப்ப என் தோல்லயும் பட்டுது. இந்தக் கோடு அதான். என் புருஷன் அடிக்கல. அந்த மனுஷனை இனிமே யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முனியாண்டியும் அடிக்கல. அவரு காவக்காரரு. காவக்காரரு, நோய்ல கெடக்கற வீட்டு ஆளப் போயி அடிப்பாரா? அப்படி அடிக்கிற சாமின்னா நான் கும்பிட மாட்டேன். நம்ம சாமி அப்படி இல்ல, அதான் வந்தேன்.” மூச்சு வாங்கியது. ஒரு நொடி நிறுத்தினாள். “உங்கள்ல யாருக்காவது கழுத்துலயோ அக்குள்லயோ கட்டி தட்டுப்பட்டா, என்ன பாவம் செஞ்சோம்னு யோசிச்சுக்கிட்டு வீட்டுல உக்காராதீங்க. டாக்டர்கிட்டப் போங்க. நான் உக்காந்திருந்தா இந்நேரம் என் படத்துக்கு மாலை போட்டிருப்பீங்க.”

சதாசிவம் மைக்கைப் பிடுங்கினார்.

“கோயில்ல நின்னுக்கிட்டுச் சாமியவே பேசறியா? டேய் கனகா, இவளக் கூட்டிக்கிட்டு வெளிய போ!”

எல்லார் கண்ணும் கனகராஜ் மேல் போனது. அவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். அங்கிருந்து மெதுவாக நடந்து வந்து பிரேமலாவின் பக்கத்தில் நின்றான்.

“அவ இன்னும் சாமி கும்பிடலண்ணே,” என்றான். “கும்பிட்டுட்டுத்தான் வருவோம்.”

அண்ணனை எதிர்த்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மேளக்காரர்கள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். மணியத்துக்குச் சாமி வரவில்லை. அவர் சாட்டையைத் தோளிலிருந்து எடுத்துத் தூணில் மாட்டிவிட்டு, விபூதித் தட்டோடு வந்தார். முடி கொட்டிய தலையோடு நின்ற அவள் நெற்றியில் அகலமாகப் பூசிவிட்டார். “நல்லா ஆயிடும் தாயி,” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

திரும்பும்போது சதாசிவத்தின் மனைவி மலர் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். ஒரு விரலால் பிரேமலாவின் தோளில் ஒரு கோட்டைத் தொட்டாள்.

“எரியுதா?”

“இல்லக்கா. அரிப்புதான்.”

“நான் ஒரு தடவகூட ஆஸ்பத்திரிக்கு வரலியே உன்னோட,” என்றாள் மலர். அதற்குமேல் சொல்ல முடியாமல், இலையில் கட்டிய சோற்றைக் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

சதாசிவம் அதன்பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பிரேமலாவும் கூப்பிடவில்லை.

சில நாளில் அவளுக்கு இருமல் வந்தது. சளி இல்லாத வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றாள். சொன்னபடி அன்றைக்கே டாக்டர் அழகம்மைக்குத் தகவல் சொன்னாள். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதித்தார்கள். நோய் இருக்கும் இடம் ஒளிரும்படி உடம்பு முழுக்கப் படம் எடுத்தார்கள். முடிவு கேட்கப் போன அன்று கனகராஜ் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, டாக்டரின் எதிரில் முதல் ஆளாக உட்கார்ந்தான்.

“ரெண்டு சேதி,” என்றார் டாக்டர். “படத்துல நோய் எங்கயும் ஒளிரல. கணுக்கள் அடங்கிடுச்சு. இன்னொண்ணு, நுரையீரல் கொஞ்சம் அடிபட்டிருக்கு. இனிமே பிளியோமைசின் வேணாம். மத்த மூணும் தொடரணும்.”

கனகராஜ் கேள்வி மேல் கேள்வி கேட்டான். இரும்பு எப்படிப் பிடிக்கும், இழை எப்படி அறும், நுரையீரல் திரும்பி வருமா. பிரேமலாவுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. நுரையீரல் தேறும், முழுக்கப் பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேறு எங்கே அறுவை சிகிச்சைக்குப் போனாலும் இந்த மருந்து ஏற்றியதை முதலில் சொல்ல வேண்டும், நுரையீரல் மறுபடி அடிபடாமல் ஆக்சிஜனை அளவோடு வைக்க வேண்டும் என்றார்.

சேதி செடெனாக்குக்கும் எட்டியது. சாயந்திரம் கைத்தொலைபேசி அடித்தது. சதாசிவத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது: “பாத்தியா? விஷம்னு அவங்களே நிறுத்திட்டாங்க. நான் சொன்னப்ப கேக்கல.”

பிரேமலா கையை நீட்டினாள். கனகராஜ் தொலைபேசியைத் தரவில்லை.

“ஆமாண்ணே, விஷந்தான். நோய்க்கு வெச்ச விஷம். நோய் செத்துச்சு. இனிமே தேவையில்லன்னு நிறுத்தியாச்சு,” என்றான். “நீங்க வந்து அவளைப் பார்த்துட்டுப் போங்க. மன்னிப்புக் கேக்க இல்ல. சும்மா பாக்க.”

அண்ணன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மிச்ச மருந்துகளும் முடிந்து, தலையில் புல் முளைத்த மாதிரி முடி வந்ததும், பிரேமலா வேலைக்குத் திரும்பினாள். முதலாளி அலுவலகத்தில் உட்காரச் சொன்னார். முடியாது என்றாள். ஏற்றத்தில் நடந்தால் இன்னும் மூச்சு வாங்கியது. உட்கார்ந்து அதட்டுவதற்கு மூச்சு போதும் என்றாள். முதுகில் கோடுகள் மண் நிறமாக நின்றுவிட்டன. கையில் இருந்தவையும் போகவில்லை. நீளக் கைச் சட்டை போடச் சொன்னவர்களிடம், ஜொகூர் வெயிலில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

முதல் நாள் பயிற்சிக்கு வந்தவர் கமலநாதன் என்ற நாற்பது வயதுக்காரர். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். சாலையைப் பார்க்க வேண்டிய கண் அவள் கைக்கே போய்ப் போய் வந்தது. கடைசியில் கேட்டே விட்டார்.

“தப்பா நினைக்காதீங்க மிஸ். யாராவது அடிச்சாங்களா?”

“யாரும் அடிக்கல. புற்றுநோய்க்கு ஏத்தின மருந்து. வேலைய முடிச்சுட்டுக் கோடு போட்டுட்டுப் போயிருக்கு.” அவள் முன்னால் கையை நீட்டினாள். “கேக்க வேண்டியதை வண்டி நின்னப்புறம் கேளுங்க, எல்லாம் சொல்றேன். இப்ப ரோட்டப் பாருங்க. ரெண்டாவது கியர்.”